கடலோரத்தில் ஒரு வளையச் சாலை: வந்தவர்களும் போனவர்களும்

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் கார் எடுத்துப் புறப்படும் பிரயாணிகள் முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

சாலை ஒரு வளையம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிக் கொண்டுவந்து விட்டுவிடும். கனடாவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் போக வேண்டும். ஆகவே கடிகார முள் சுற்றும் திசையில் போனால் வண்டி மலையை ஒட்டி ஏறும். எதிர்த்திசையில் போனால் கடலை ஒட்டிப் போகும். கார்க் கதவுக்கு அந்தப் பக்கம் தடுப்புக் கம்பி, அதற்கு அப்பால் பாறைச் சரிவு, அடியில் அட்லாண்டிக் சமுத்திரம். தலை சுற்றும் என்று பயப்படுகிறவர்கள் முதல் வழியில் போகிறார்கள். காட்சிதான் முக்கியம் என்பவர்கள் இரண்டாவது வழியில் போகிறார்கள்.

இந்தச் சாலைக்குக் ‘கேபட் டிரெயில்’ என்று பெயர். மொத்த நீளம் 298 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் ஒரே பகலில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அப்படி யாரும் ஓட்டுவதில்லை. இரண்டு மூன்று நாள் தங்கி, நின்று நின்று பார்த்துப் போகிறார்கள்.

மலை, கடல், இலையுதிர் காலத்தில் செந்நிறமாகும் மேப்பிள் காடு எல்லாவற்றையும் பற்றி விளம்பரப் புத்தகங்கள் விவரமாகச் சொல்கின்றன. அதே சாலையில் வேறொரு கதையும் உண்டு. பிழைப்புத் தேடி அங்கே வந்தவர்கள், பிழைப்புத் தேடி அங்கிருந்து போனவர்கள், போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தாரின் கதை அது. ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை எளிதில் புரியும்.

தீவுக்குப் போகும் வழி

கேப் பிரெட்டன், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் வடகிழக்கு முனையில் உள்ள தீவு. மாகாணத்தின் பெருநிலத்துக்கும் தீவுக்கும் நடுவே கேன்சோ ஜலசந்தி இருக்கிறது. ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். வண்டியைப் பிரித்துப் படகில் தள்ளி, மறுகரையில் இறக்கிக் கோத்து மறுபடி ஓட்ட வேண்டும். காற்றும் பனிக்கட்டியும் குறுக்கிட்டால் கால அட்டவணை என்பது பேச்சுக்குத்தான்.

1955ஆம் வருஷம் ஆகஸ்ட் 13ஆம் தேதி அந்த ஜலசந்தியின் மேல் கல் அணைச்சாலை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 1.4 கிலோமீட்டர்தான். ஆனால் கடல் ஆழம் 200 அடிக்கு மேல். அதைத் தூர்க்கச் சுமார் ஒரு கோடி டன் பாறை தேவைப்பட்டது. பக்கத்து மலையையே வெடி வைத்து உடைத்துக் கொட்டினார்கள். திறப்பு விழாவில் ஸ்காட்லாந்துப் பைக்குழல் வாசிப்பவர்கள் நூறு பேர் அணிவகுத்து நடந்தார்கள். தண்டவாளமும் சாலையும் பக்கம் பக்கமாகத் தீவுக்குள் போயின. படகு வேலையை நம்பியிருந்த கரையோரக் குடும்பங்கள் அன்றே வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

அந்த ரயிலும் நிலைக்கவில்லை. தீவின் பெரிய நகரமான சிட்னிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயில் 1990 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. தீவுக்குத் தரை வழியாக வருகிறவர்களுக்கு இப்போது சாலைதான் கதி.

டெலிபோன் கண்டவர் தங்கிய ஊர்

வளையச் சாலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெடெக் என்ற சிற்றூரிலிருந்து புறப்படுகிறார்கள். பிரடோர் என்னும் பெரிய உப்பேரியின் கரையில் இருக்கிறது இந்த ஊர். டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1885ஆம் வருஷம் முதன்முதலாக இங்கே வந்தார். அவர் பிறந்தது ஸ்காட்லாந்தில். இந்த ஏரியும் மலையும் சொந்த ஊரை ஞாபகப்படுத்தின போலும். ஏரிக்கு எதிர்க்கரையில் வீடு கட்டினார். அதற்குக் கேலிக் மொழியில் ‘அழகிய மலை’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

1909 பிப்ரவரி 23ஆம் தேதி, உறைந்து கிடந்த இந்த ஏரியின் மேலிருந்து ‘சில்வர் டார்ட்’ என்ற விமானம் கிளம்பியது. கனடாவில் இயந்திர விமானம் பறந்தது அதுதான் முதல் தடவை. ஓட்டியவர் பெடெக் ஊர்ப் பிள்ளையான மெக்கர்டி. பெல்லின் குழுவில் வேலை செய்தவர். பெல் 1922 ஆகஸ்டில் காலமானபோது அந்த மலை மேலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த நேரத்தில் வட அமெரிக்காவின் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தன.

பெல் வசதியுள்ளவர், விரும்பி வந்தவர். அவருக்கு முன் வந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் கதி வேறு. அங்கே ஜமீன்தார்கள் குடியானவர்களை நிலத்தை விட்டு வெளியேற்றி ஆடு வளர்க்கத் தொடங்கினார்கள். ஆட்டு ரோமத்தில் வந்த லாபம் குத்தகையில் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிக் கேப் பிரெட்டனில் வந்து இறங்கினார்கள். கூடவே கேலிக் மொழியும் பிடில் வாத்தியமும் வந்தன. செயின்ட் ஆன்ஸ் என்ற இடத்தில் 1938இல் நிறுவிய கேலிக் கல்லூரி இன்றும் நடந்துவருகிறது.

ஊரே கப்பல் ஏறியது

இதே செயின்ட் ஆன்ஸில் நடந்தது இன்னொரு சம்பவம். நார்மன் மெக்லியோட் என்ற கண்டிப்பான பாதிரியார் 1820இல் தம் கூட்டத்தாருடன் இங்கே குடியேறினார். 1840களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பஞ்சம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பாதிரியாரின் மகன் எழுதிய கடிதமும் வந்தது. அங்கே நல்ல காலம் என்பது சேதி.

ஜனங்கள் தாங்களே காட்டில் மரம் வெட்டித் தாங்களே கப்பல் கட்டினார்கள். 1851இல் முதல் கப்பல் புறப்பட்டது. பாதிரியாருக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். உலகத்தின் மறுகோடிக்குப் பிரயாணம். ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தால் அங்கே தங்க வேட்டை நடந்துகொண்டிருந்தது. எதற்கும் கட்டுப்படியாகாத விலைவாசி. அங்கிருந்து நியூசிலாந்துக்குப் போய் வைப்பு என்ற இடத்தில் நிலம் பெற்றுக் குடியமர்ந்தார்கள். அடுத்தடுத்து ஆறு கப்பல்களில் எண்ணூறு பேருக்கு மேல் போனார்கள். இந்தத் தீவை விட்டுப் பிழைப்புக்குப் போவது என்பது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கடப்பாரையும் குதிரையும்

செயின்ட் ஆன்ஸுக்கு வடக்கே மலை கடலை நெருங்குகிறது. கேப் ஸ்மோக்கி என்ற முனையில் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. முனையின் தலையில் மேகம் புகை போல் தங்கி நிற்பதால் அந்தப் பெயர்.

நூறு வருஷங்களுக்கு முன் இந்த மலைக்கு வடக்கே இருந்த கிராமங்களுக்குக் கடல்தான் ராஜபாட்டை. தபாலும் மாவு மூட்டையும் ஸ்டீமரில் வரும். பனிக்காலத்தில் மிதக்கும் பனிக்கட்டி வந்து கரையை அடைத்துவிட்டால் ஸ்டீமர் வராது. மலைப் பாதையில் கால்நடையாகவோ பனிச் சறுக்கு வண்டியிலோ போக வேண்டும். பிரசவ வேதனையானாலும் விபத்தானாலும் அதே வழிதான்.

1920களில் சர்க்கார் சாலை வேலையைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டது. மண்வெட்டி, கடப்பாரை, குதிரை வண்டி, வெடிமருந்து ஆகியவையே சாதனங்கள். 1932இல் வளையம் முழுமையடைந்தது. முழுமை என்றால் சரளைக் கல் பாதைதான். எதிரே வண்டி வந்தால் ஒன்று பின்வாங்கி வழிவிட வேண்டிய இடங்கள் பல. தார் போட்டு முடிக்க இன்னும் பல வருஷங்கள் ஆயின.

உலகமே வேலையில்லாமல் தவித்த நேரம் அது. மீனுக்கும் விலை இல்லை. வெளியூர்க்காரர்கள் காரில் வந்து பணம் செலவழித்தால் தீவு பிழைக்கும் என்று மாகாண சர்க்கார் கணக்குப் போட்டது. சாலைக்குப் பெயர் வைத்ததிலும் அந்தக் கணக்கு இருந்தது.

பெயரில் ஒரு வழக்கு

ஜான் கேபட் இத்தாலியர். இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் அனுமதியோடு 1497இல் ‘மாத்யூ’ என்ற சிறு கப்பலில் மேற்கே வந்து வட அமெரிக்கக் கரையைத் தொட்டவர். எந்த இடத்தைத் தொட்டார் என்பதில்தான் தகராறு. எங்கள் கரைதான் என்கிறார்கள் கேப் பிரெட்டன்காரர்கள். தீவின் வட முனைக்கருகே கடற்கரையில் அதற்கு ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. இல்லை, எங்கள் கரையே என்கிறார்கள் பக்கத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள். வழக்கு தீரவில்லை. அதற்குள் கேபட்டின் பெயர் சாலைக்கு ஒட்டிக்கொண்டது.

கேபட் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அங்கே ஜனங்கள் இருந்தார்கள். மிக்மாக் என்னும் ஆதிகுடிகள். தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் உனமாகி. அவர்களுடைய குடியிருப்புகள் பிரடோர் ஏரியைச் சுற்றி இன்றும் இருக்கின்றன.

பூங்காவுக்காகப் போன கிராமம்

வடக்கிலிருந்து சாலை மேற்குக் கரைக்குத் திரும்பும்போது மலைகள் வரிசையாக வருகின்றன. பிரெஞ்ச் மலையில் சாலை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 455 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. வழியில் மேப்பிள் மரங்களுக்கு நடுவே ஒரு கல் குடிசை தெரியும். ஸ்காட்லாந்து மலையில் ஆடு மேய்ப்பவர்கள் கோடையில் தங்கும் குடிசையைப் போல 1942இல் கட்டியது. ஆட்டுக்காக நிலத்தை இழந்து வந்தவர்களின் ஞாபகமாக ஓர் ஆட்டிடையன் குடிசை நிற்கிறது.

அதைத் தாண்டி, மலை இறங்கிக் கடலோரம் வந்தால் காப் ரூஜ். சிவந்த பாறை முனை. பிரயாணிகள் காரை நிறுத்திப் படம் பிடிக்கும் இடம். வீடு ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது.

அங்கே இருந்தவர்கள் அக்கேடியர்கள் எனப்படும் பிரெஞ்சு மொழிக்காரர்கள். 1755இல் பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுடைய மூதாதையரை நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பல் கப்பலாக நாடு கடத்தியது. ஊர் ஊராக அலைந்து திரும்பியவர்களில் சிலர் 1780களில் ஷெட்டிகாம்ப் பகுதிக்கு வந்து மீன் பிடித்து, நிலம் திருத்திக் குடியேறினார்கள். காப் ரூஜ் அவர்களுடைய சந்ததியாரின் கிராமம்.

1936இல் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 950 சதுர கிலோமீட்டர். வளையச் சாலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி இதன் ஓரமாகவும் உள்ளாகவும் போகிறது. தேசியப் பூங்காவில் மனிதர் குடியிருக்கக் கூடாது என்பது அக்காலச் சட்ட நோக்கு. காப் ரூஜ் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். தொகை போதவில்லை என்ற மனக்குறை தலைமுறை தாண்டியும் இருந்தது. தீவின் மறு கரையில் இன்கோனிஷில் அதே பூங்காவுக்காக அழகான கோல்ஃப் மைதானம் போட்டார்கள்.

பூங்காவில் ‘பூட்டெரோ’ என்ற நடைபாதையில் போனால், புல்லுக்கு நடுவே பழைய வீடுகளின் அஸ்திவாரம் தெரியும். இப்போது பூங்கா நிர்வாகமே பலகை வைத்து அந்தக் கதையைச் சொல்கிறது. பூங்காக்களுக்காகக் குடிமக்களை வெளியேற்றும் வழக்கம் 1970களில் பக்கத்து மாகாணங்களில் நடந்த எதிர்ப்புகளுக்குப் பிறகுதான் கைவிடப்பட்டது. காப் ரூஜ்காரர்களுக்கு அது நாற்பது வருஷம் தாமதம்.

கம்பளமும் கூலியும்

பூங்கா எல்லையைத் தாண்டினால் ஷெட்டிகாம்ப். நீண்ட ஒரே தெரு, கல்லால் கட்டிய பெரிய மாதா கோயில், பின்னால் மலை. இங்கே பனிக்காலத்தில் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். ‘சுவேத்’ என்பார்கள். தென்கிழக்கு என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் மரூஉ. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டியதுண்டு. கூரை பறப்பது அங்கே புதிய சேதியல்ல.

மீனவர்களுக்குக் காற்றைவிடப் பெரிய தொல்லை கடைக் கணக்கு. ஜெர்சி தீவிலிருந்து வந்த வியாபாரிகள் மீனை வாங்கிக்கொண்டு பணம் தர மாட்டார்கள். தங்கள் கடையிலேயே மாவும் துணியும் தூண்டில் கயிறும் தந்து கணக்கில் எழுதிக்கொள்வார்கள். வருஷ முடிவில் கூட்டிப் பார்த்தால் மீனவன்தான் பாக்கிக்காரன்.

இந்தக் கணக்கிலிருந்து மீள ஒரு வழி, வளையச் சாலையில் அடுத்து வரும் மார்கரிப் பள்ளத்தாக்கில் பிறந்தவர் மூலம் வந்தது. மோசஸ் கோடி என்ற பாதிரியார். 1930களில் கிராமம் கிராமமாகப் படிப்பு வட்டங்கள் வைத்து, மீனவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் கூட்டுறவுக் கடைகளும் கடன் சங்கங்களும் நடத்தப் பழக்கினார். பெருநிலத்தில் ஆண்டிகோனிஷ் நகரில் 1959இல் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சி நிலையத்துக்கு இந்தியாவிலிருந்தும் அநேகர் போய்ப் படித்து வந்திருக்கிறார்கள்.

ஷெட்டிகாம்பின் பெண்களுக்குத் தெரிந்த கைவேலை கம்பளம். சாக்குத் துணியில் கொக்கி ஊசியால் கம்பளி நூலை இழுத்து உருவம் வரைவார்கள். 1920களில் பெல் குடும்பத்தின் சிநேகிதியான லிலியன் பர்க் என்ற ஓவியர் இதைப் பார்த்து, புது மாதிரிகள் தந்து, நியூயார்க்கில் விற்பனைக்கு ஏற்பாடு செய்தார். பணக்கார வீடுகளுக்குப் பெரிய பெரிய கம்பளங்கள் போயின. ஆனால் கூலிக்கும் விற்ற விலைக்கும் இருந்த வித்தியாசம் பெண்களுக்குத் தெரிந்தபோது தகராறு வந்தது. 1930களின் பிற்பகுதியில் ஒரு பகுதியினர் பிரிந்து தாங்களே விற்கத் தொடங்கினார்கள். அதற்குக் கைகொடுத்தது புதிய சாலை. காரில் வந்த பிரயாணிகள் வாசலிலேயே வாங்கிப் போனார்கள். அந்தக் கைவேலையில் தேர்ந்த எலிசபெத் லெஃபோர்ட் நூலால் வரைந்த உருவப் படங்கள் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி மாளிகை வரை போயின. அவருக்கு 1987இல் கனடாவின் உயர்ந்த தேசிய விருது கிடைத்தது.

ஆறு மாதச் சம்பளம்

சாலை போட்டவர்களின் கணக்கு பாதி பலித்தது. பிரயாணிகள் வருகிறார்கள். ஆனால் அவர்கள் வருவது மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை. ஹோட்டல், படகுச் சவாரி, கடை எல்லாம் அந்த மாதங்களுக்குத்தான். மிச்ச மாதங்களை அரசின் வேலையில்லாக் காப்பீட்டுத் தொகையை வைத்து ஓட்டுகிற குடும்பங்கள் நிறைய.

வேறு தொழில்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடலில் காட் மீன் குறைந்து, 1993இல் அந்தப் பகுதியில் அதைப் பிடிக்கத் தடை வந்தது. இறாலினத்துப் பெரிய லாப்ஸ்டரும் பனி நண்டும்தான் இப்போது மீனவர்களைத் தாங்குகின்றன. சிட்னி வட்டாரத்தில் சர்க்கார் நிலக்கரிச் சுரங்கங்களில் கடைசியானது 2001இல் மூடப்பட்டது. அதே வருஷம் உருக்காலையும் மூடப்பட்டது. முந்திய தலைமுறை பாஸ்டனுக்கும் டொராண்டோவுக்கும் போனது. பிந்திய தலைமுறை நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஆல்பர்ட்டா எண்ணெய் வயல்களுக்குப் போகிறது. சில வாரம் அங்கே வேலை, பிறகு விமானமேறி வீடு, மறுபடி வேலை என்று காலம் தள்ளுகிறார்கள். 1981இல் தீவில் சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் இருந்தார்கள். 2016இல் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்தான்.

அதன் பிறகு கணக்குக் குறைவது நின்றது. 2021லும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை. அதற்கு ஒரு காரணம் இந்தியர்கள். சிட்னியில் உள்ள கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் சில வருஷங்களில் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் காலி செய்துவிட்டுப் போன ஊரில், காப்பிக் கடையிலும் பலசரக்குக் கடையிலும் பகுதி நேர வேலை பார்த்தார்கள். ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்துத் தங்கினார்கள். 2024 ஜனவரியில் கனடா அரசு வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவித்ததும் வருகை குறைந்தது. வந்தவர்களில் எத்தனை பேர் நிலைப்பார்கள் என்பதை இனிமேல் வரும் ஜனத்தொகைக் கணக்குச் சொல்லும்.

சாலை அறுந்த நாள்

2021 நவம்பரில் தீவின் வடபகுதியில் பேய்மழை கொட்டியது. வளையச் சாலை பல இடங்களில் அடித்துக்கொண்டு போயிற்று. வடக்குக் கிராமங்கள் ஸ்டீமர் காலத்தைப் போல மறுபடி துண்டிக்கப்பட்டன. வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கை பார்க்கும் வழியாக இருப்பது, அங்கே வாழ்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் வழி என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

மார்கரிப் பள்ளத்தாக்கைத் தாண்டினால் சாலை மறுபடி பெடெக்குக்கு வந்து சேர்கிறது. வளையம் முடிந்தது.

கோடைக் காலத்தில் இந்தச் சாலையில் வெளி மாகாண நம்பர் பலகையோடு ஓடும் கார்களில் இருப்பவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல. லீவு போட்டுக்கொண்டு சொந்த ஊர் வருகிறவர்களும் அதில் உண்டு. எந்தப் பக்கமாகச் சுற்றினால் காட்சி நன்றாக இருக்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. எந்தப் பக்கமாகப் போனால் சீக்கிரம் வீடு வருமோ, அந்தப் பக்கம் திருப்புகிறார்கள்.